அக்கா ஆமென் சொல்லும் வரை

எங்கள் அப்பா யாரையும் திட்ட மாட்டார். காரைக்குடியில் எங்கள் தெரு முழுக்க அவருக்கு இப்படி ஒரு பெயர். பெண்டாட்டி மேல் கைநீட்டாத ஆசாரி, பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டாத ஆசாரி, வாயில் கெட்ட வார்த்தையே வராத ஆசாரி என்று அவர் கதவு நிலை செதுக்கப் போகும் செட்டியார் வீடுகளில் எல்லாம் பேச்சு. கேட்கும் எங்களுக்குச் சிரிப்பு வரும். அவர் எங்களைத் திட்டியதில்லை என்பது உண்மைதான். எங்களைப் பற்றிக் கர்த்தரிடம் சொல்லுவார், அவ்வளவுதான்.

வாலிபத்தில் அப்பா பெரிய கோபக்காரராம். உளியைத் தூக்கிக்கொண்டு ஆளைத் தெருத்தெருவாகத் துரத்தியிருக்கிறார் என்று பெரியப்பா சொல்லுவார். பெரியப்பா கடைசிவரை கோயில் கும்பிட்டவர். அப்பா மட்டும் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தார். ஞானஸ்நானம் வாங்கிய அன்று, இனி எந்த மனுஷர் மேலும் கோபத்தில் வாய் திறப்பதில்லை என்று ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணிக்கொண்டாராம். பொருத்தனையை அவர் மீறவில்லை. ஆனால் கோபம் எங்கே போகும்? பகல் முழுவதும் சேர்த்து வைத்து, விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபத்தில் இறக்கி வைப்பார்.

கூடத்தில் பாய் விரிப்போம். அப்பா, அம்மா, அக்கா, நான். நாலு பேரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூட வேண்டும். முதலில் அப்பா ஆரம்பிப்பார். மழைக்கும் வெயிலுக்கும் நன்றி சொல்லுவார். லண்டனில் இருக்கிற சக்கரவர்த்திக்கு நல்ல ஆலோசனை கேட்பார். ஊரில் காய்ச்சலில் கிடப்பவர்களை வரிசையாகச் சுகப்படுத்தச் சொல்லுவார். பிறகு ஒரு செருமல். அதைக் கேட்டதும், இன்றைக்கு யார் மாட்டினோம் என்று நாங்கள் மனசுக்குள் கணக்குப் போடுவோம்.

"கர்த்தாவே, கண்மாயில் துள்ளித் திரிந்த அயிரை மீன்களை எங்களுக்கு ஆகாரமாகத் தந்தீர், ஸ்தோத்திரம். அவற்றில் பாதி, அடுப்படியை விட்டு வெளியே வராமலே மறைந்துபோன அதிசயத்தையும் தேவரீர் கண்டீர். உப்புப் பார்க்கிறேன் என்று கரண்டி கரண்டியாய் ருசி பார்க்கிற ஆத்துமாவை மன்னியும்."

அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது, கண்ணைத் திறக்கக்கூடாது, அவர் ஆமென் சொல்லி முடிக்கிற வரைக்கும் அசையவும் கூடாது. இது அப்பா போட்ட சட்டம். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பாள். முறை வந்ததும் பிடித்துக்கொள்வாள்.

"ஏன் ஆண்டவரே, நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக? உப்புப் பாக்காமக் கொழம்பு வைக்க எனக்கென்ன உங்க மாதிரி ஞானக்கண்ணா இருக்கு? முந்தாநாளு உப்புப் பத்தலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டதும் இதே மனுசன்தான். இவுகளுக்கு என்னதான் புடிக்கும்னு உங்களுக்காவது தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க. ஆமென்."

அப்பா கர்த்தரிடம் வேதாகமத் தமிழில் பேசுவார். அம்மா காரைக்குடித் தமிழில் பேசுவாள். இரண்டையும் ஒருவரே உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்ததை நினைத்தால், எனக்குக் கர்த்தர் மேல்தான் இரக்கம் வரும். நாங்கள் பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. தலை வாரும்போது அக்கா வேண்டுமென்றே முடியைப் பிடுங்குகிறாள் என்று நான் புகார் கொடுப்பேன். தங்கச்சி தலையில் என்னென்ன குடியிருக்கிறது என்பதைத் தேவரீர் அறிவீர் என்று அவள் பதில் சொல்லுவாள். அப்போது முழங்கால் போட்டிருக்கும் நாலு பேரின் தோளும் குலுங்கும். அப்பாவின் தோளும்தான்.

எங்கள் வீட்டு ஜெபத்துக்குத் தெருவில் நல்ல கூட்டம். விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு எங்கள் சன்னலுக்கு அருகில்தான் ஏதாவது வேலை இருக்கும். மறுநாள் காலையில் ஒருத்தி வந்து, "என்னத்தா, நேத்து ஒங்க வீட்டுக்காரரு ஒங்களைச் சாமிகிட்டப் போட்டுக் குடுத்துட்டாரே! நெசமாவே பாதி மீன நீங்களா தின்னீக?" என்று அக்கறையாக விசாரிப்பாள்.

அப்பாவின் பக்தியில் கொஞ்சம் உறவு கொண்டாடுவதும் உண்டு. ஆண்டவரும் தச்சர், தானும் தச்சன் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. ஆண்டவர் அந்த ஊரில் என்ன மரம் இழைத்தார் என்று ஒரு தடவை நான் கேட்டேன். அப்பா இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "பர்மாத் தேக்காத்தான் இருக்கும்" என்றார். செட்டிநாட்டில் அதற்கு மேல் ஒரு மரம் அவருக்குத் தெரியாது. ஆண்டவருக்குக் குறைந்த மரத்தைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி இருக்க வேண்டும் என்பது செட்டியார் வீட்டு வழக்கம். அப்பா கிளி செதுக்குவார், தாமரை செதுக்குவார், கொடி செதுக்குவார், இரண்டு பக்கமும் தும்பிக்கை தூக்கிய யானைகளை உயிரோடு நிற்கிற மாதிரி செதுக்குவார். நடுவில் அம்மன் உட்கார வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுவார். பெரியப்பா வந்து அதில் லட்சுமியை உட்கார வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரருக்கு நஷ்டமில்லை, அப்பாவின் மனச்சாட்சிக்கும் நஷ்டமில்லை. அம்மாதான் விடவில்லை. ஒருநாள் ஜெபத்தில் கேட்டேவிட்டாள்.

"ஆண்டவரே, அம்மனைச் செய்ய மாட்டேங்கிறாக, சரி. ரெண்டு பக்கமும் யானை நின்னு தண்ணி ஊத்துதே, அது யாரைக் குளிப்பாட்டுதுன்னு இவுககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

அன்று அப்பாவின் செருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

தீபாவளிக்குச் செட்டியார் வீட்டு ஆச்சிகள் தட்டுத் தட்டாகப் பலகாரம் அனுப்புவார்கள். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று அப்பா வேதாகமத்தைப் புரட்ட ஆரம்பிப்பார். அதற்குள் அதிரசம் ஆறிவிடும். சீடையை நான் சத்தம் வராமல் கடிக்கப் பழகியது அந்த நேரங்களில்தான். கடைசியில் எப்படியும் சாப்பிடலாம் என்று ஒரு இடம் அகப்பட்டுவிடும். அது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முதலிலேயே தெரியும் என்றும், வாயில் எச்சில் ஊறுவதை மறைக்கத்தான் புரட்டுகிறார் என்றும் அம்மா சொல்லுவாள். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் முறை. அப்பாவே கோழியடித்து, அப்பாவே மசாலா அரைத்து, ராகம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகக் கீர்த்தனை பாடிக்கொண்டு குழம்பு வைப்பார். அன்று மட்டும் சமைத்த ஆத்துமா எத்தனை தடவை உப்புப் பார்த்தது என்று யாரும் கர்த்தருக்குச் சொல்வதில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. இன்றைக்கும் கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால், அபசுரமாக ஒரு பாட்டு என் காதில் விழுகிறது.

அக்கா படிப்பில் கெட்டி. மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்து ஆசிரியை எங்கள் வீட்டுக்கே வந்து, அவளை மதுரைக்கு அனுப்பி வாத்தியாரம்மா பயிற்சியில் சேர்க்கலாம், தங்குவதற்கும் அங்கே இடம் உண்டு என்று சொன்னார். அப்பாவுக்கு மகிழ்ச்சிதான். "ஜெபத்துல வைப்போம்" என்றார். எங்கள் வீட்டில் ஜெபத்தில் வைத்த எதுவும் லேசில் வெளியே வந்ததில்லை. ஒழுகுகிற ஓடு கூட இரண்டு மழைக்காலமாக ஜெபத்தில்தான் இருந்தது. அக்கா மட்டும் நம்பிக்கையோடு தன் இரண்டு நல்ல சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் அப்பா வெளியூரில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து ஆள் தரையில் நடக்கவில்லை. அங்கே ஒரு உபதேசியார் ஜெபம் பண்ணினாராம். வேதக்கோயிலும் போதகரும் இல்லாத சின்னச் சின்ன ஊர்களுக்கு நடந்தே போய் ஜெபம் நடத்துகிறவர். எழுந்து நின்று ஆரம்பித்தவர் முடிக்கவே இல்லையாம். அப்படி ஒரு ஜெபத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார் அப்பா. கடைசி வரிசையில் சிலர் தூங்கி எழுந்து மறுபடியும் தூங்கியதாக அம்மா பின்னால் விசாரித்துச் சொன்னாள். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் நிலத்தைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள். எங்கள் அப்பா ஜெபத்தின் நீளத்தைப் பார்த்தார்.

அவர் ஊர் திரும்பிய அன்று மாலை ஜெபத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. "கர்த்தாவே, மனைவியை இழந்து, தாயில்லாத இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற உம்முடைய ஊழியக்காரனுக்கு, என் மூத்த குமாரத்தியை நீர் நியமித்ததற்காக ஸ்தோத்திரம்."

தனக்குக் கல்யாணம் என்பதை அக்கா பாயில் முழங்கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தெரிந்துகொண்டாள். அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. 

அம்மாவின் முறை வந்தது. "ஆண்டவரே, இது எப்ப நடந்துச்சு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் அவளுக்கு ஜெபம் வரவில்லை. அக்கா தன் முறையில் வெறும் ஆமென் மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு எங்கள் பாயில் சண்டைதான். நீளமாக ஜெபம் பண்ணுகிறவர்களை வேதாகமத்தில் நீங்கள் எப்படிக் கண்டித்திருக்கிறீர்கள் என்பதை இந்த மனுஷனுக்கு ஞாபகப்படுத்துங்கள் என்று அம்மா ஆண்டவரைக் கேட்டாள். முறுமுறுக்கிற ஆவியை இந்த வீட்டை விட்டு அகற்றும் என்று அப்பா கேட்டார். பகலில் அம்மா நேருக்கு நேராகப் பேசப் போனால், "எல்லாம் ஜெபத்துல வச்சாச்சு" என்று சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொள்வார்.  அக்கா மதுரைக்கென்று மடித்து வைத்த சேலைகளில் ஒன்றை எடுத்து வீட்டில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தை எந்த ஜெபத்திலும் சொல்ல முடியாது.

பெண் பார்க்க உபதேசியாரும் அவருடைய தமக்கையும் ஒரு சனிக்கிழமை மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். உபதேசியார் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். வெயிலில் நடந்து கறுத்த முகம். பாவம், நல்ல மனுஷர் என்று பார்த்ததும் தெரிந்தது. அவரை வெறுக்கலாம் என்று தயாராக இருந்த எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. தமக்கை வேறு மாதிரி. உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கள் வீட்டு உத்தரத்தையும் பாத்திரத்தையும் அளந்துகொண்டிருந்தார். அம்மா வெள்ளைப் பணியாரம் சுட்டு, மிளகாய்த் துவையலோடு கொண்டுவந்து வைத்தாள். துவையலில் அன்றைக்குக் காரம் அதிகம். வேண்டுமென்றே செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

அக்கா வந்து நின்றாள். தமக்கை பணியாரத்தைப் பிட்டுக்கொண்டே, "புள்ள கீர்த்தனை பாடுமா?" என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாட்டு யாரு வேணும்னாலும் பாடிப்புடுவாக. எம்மகள ஜெபம் பண்ணச் சொல்லிக் கேளுங்க. அப்புறம் சொல்லுங்க."

அப்பாவைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. எல்லோரும் முழங்கால் போட்டோம். கண்ணை மூடினோம். அக்கா ஆரம்பித்தாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மழைக்கு நன்றி. சக்கரவர்த்திக்கு நல்ல ஆலோசனை. காய்ச்சல்காரர்களுக்குச் சுகம். அப்பாவிடம் கற்றுக்கொண்ட அதே வரிசை, அதே ராகம். பெருமையில் அப்பா மெதுவாக மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு அக்கா ஒரு தடவை செருமினாள்.

"கர்த்தாவே, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற உம்முடைய ஊழியக்காரருக்காக ஸ்தோத்திரம். தாயில்லாத அவருடைய இரண்டு பிள்ளைகளையும் நினைத்தருளும். அவர்களுக்கு மனசார வருகிற ஒரு தாயைக் கொடும். மனசில்லாமல் வருகிற ஒருத்தியை அந்தப் பிஞ்சுகள் தலையில் கட்டிவிடாதேயும். எனக்கு மனசில்லை என்பதைத் தேவரீர் அறிவீர். என் தாயார் அறிவார். என் தகப்பனார் இன்னும் அறியார்."

 சட்டத்தை மீறி ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். எதிரே தமக்கையும் கண்ணைத் திறந்து, பணியாரம் கையிலிருக்க, வாயைப் பிளந்துகொண்டு அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் அவசரமாக மூடிக்கொண்டோம். யாரும் குறுக்கே பேச வழியில்லை. ஆமென் அக்காவிடம் இருந்தது.

"நான் மதுரைக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதை ஜெபத்தில் வைத்தோம். அது உம்முடைய சந்நிதிக்கு வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கர்த்தாவே, எங்க அப்பா நல்லவர். உமக்குப் பிரியம் என்றால் எதையும் கொடுத்துவிடுவார். என்னையும் கொடுத்துவிடுவார். மலைமேல் சொந்தப் பிள்ளையைப் பலி கொடுக்கப் போன ஒரு தகப்பனை நீர் கூப்பிட்டு நிறுத்தினீரே. எங்க அப்பாவையும் ஒருதரம் கூப்பிடும். நீர் கூப்பிட்டால்தான் அவுகளுக்குக் கேக்கும்."

கடைசி வார்த்தைகளில் வேதாகமத் தமிழ் போய்விட்டது. அழுகை வந்துவிட்டது. "ஆமென்" என்றாள்.

அம்மா போட்ட ஆமென் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். சற்றுப் பொறுத்து உபதேசியார் தாழ்ந்த குரலில் "ஆமென்" என்றார். அப்பா மட்டும் முழங்காலை விட்டு எழுந்திருக்கவில்லை.

உபதேசியார் எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "ஐயா, எம்புள்ளைகளுக்காக நாங்கூட இப்புடிக் கேட்டதில்லை. ரொம்ப நல்ல ஜெபம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அக்காவைப் பார்த்து, "நல்லாப் படி ஆத்தா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். தமக்கை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே, தட்டில் மிச்சமிருந்த பணியாரத்தை இலையில் கட்டி வாங்கிக்கொண்டார். சம்பந்தம் போனாலும் பணியாரம் என்ன பாவம் செய்தது?

வண்டி போன பிறகு அப்பா கொல்லைப்பக்கம் மரம் கிடந்த இடத்துக்குப் போய்விட்டார். இழைப்புளிச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு கேட்கவே இல்லை. அம்மா இரண்டு தடவை கொல்லைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். அக்கா சுவரோரம் குறுகி உட்கார்ந்திருந்தாள். மதுரையை விடு, இனி அப்பா தன்னோடு பேசுவாரா என்பதே அவளுக்குப் பெரிதாகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. உளியோடு ஆளைத் துரத்திய பழைய ஆசாரியை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்க்க வேண்டி வருமோ என்று நினைத்தேன்.

விளக்கு வைத்தார்கள். நான்தான் பாய் விரித்தேன். அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்தார். முழங்கால் போட்டார். நாங்களும் போட்டுக் கண்ணை மூடினோம். சன்னலுக்கு வெளியே அன்றைக்கு ஏகப்பட்ட பேருக்கு வேலை இருந்தது.

மழைக்கு நன்றி வரவில்லை. சக்கரவர்த்தி வரவில்லை. செருமல் கூட வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நான் கண்ணைத் திறந்தேன். அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஏன் ஆத்தா, இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா தலையைத் தூக்கவில்லை. "நீங்க எப்பப்பா கண்ணத் தொறந்து எங்ககிட்டப் பேசுனீக?" என்றாள்.

அம்மா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.  அப்பா முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே தாங்கவில்லை. இத்தனை நாளும் அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்த அந்த மனுஷர், எங்களுக்குப் பயந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பேசுனதில்லதான்" என்றார் கடைசியில். "வாயத் தொறந்தா ஒங்கள ஏதாச்சும் சொல்லிப்புடுவேனோன்னு பயம் ஆத்தா."

பிறகு முழங்காலை மடக்கிச் சம்மணம் போட்டு, அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மதுரைக்குப் போயி என்ன படிக்கப் போற? சொல்லு, கேக்குறேன்."

அக்கா முதலில் தட்டுத் தடுமாறித்தான் ஆரம்பித்தாள். போகப்போகப் பேச்சு வந்துவிட்டது. என்ன படிப்பாள், எங்கே தங்குவாள், விடுமுறைக்கு எப்போது வருவாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். அம்மா எழுந்து போய் உலை வைத்தாள். வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அக்கா பேசி முடிக்கும் வரை அப்பா கண்ணை மூடவில்லை.